‘கவனத்துக்கு வந்துள்ளதா’ என்று கேட்காதீர்கள்: மலைத் தொகுதி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தொகுதிகளிலிருந்தும், பாலக்காட்டு எல்லையிலுள்ள சித்தூர், நென்மாறை தொகுதிகளிலிருந்தும் கேரள சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சட்டமன்றம் கூடும் நாள்களில் வழக்கமாக முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு உரியது. அவசரத் தீர்மானமும் வெளிநடப்பும் மசோதாவும் அதற்குப் பிறகுதான். எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், ஓர் உறுப்பினர் அந்த நேரத்தில் அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்கலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியானால் அந்தப் பதிலின்மேல் துணைக்கேள்வியும் கேட்கலாம். குறியிடாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வருகிறது. இந்தப் பதில்கள் சட்டமன்ற இணையதளத்தில் மலையாளத்தில் கிடைக்கின்றன. எங்கள் மலையைப் பற்றி ஏதேனும் வந்திருக்கிறதா என்று அவற்றைத் தேடிப் படிக்கும் வழக்கமுள்ள பீருமேட்டுத் தமிழ் வாக்காளன் ஒருவன் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிச் சபையில் யாரும் பேசுவதில்லை என்ற பழைய புகாரை நான் வைக்கப் போவதில்லை. பேசுகிறீர்கள், கேள்வியும் கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை, அமைச்சர் ஒரு வரியில் கடந்துபோவதற்கு வசதியாக அமைந்துவிடுகின்றன. என் குறை அதுதான்.

‘(அ) இன்ன பிரச்சினை அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, (ஆ) வந்திருப்பின் எடுத்த நடவடிக்கை என்ன, விளக்குவாரா?’ என்ற வாய்பாட்டில்தான் கேள்விகள் மிகுதியாக எழுதப்படுகின்றன. பதிலும் வாய்பாட்டில் வருகிறது. ‘(அ) வந்துள்ளது. (ஆ) நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.’ தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகுவது அரசின் கவனத்துக்கு வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவா நாங்கள் வாக்களித்தோம்? மலையில் பெய்யும் மழை திருவனந்தபுரத்துக்குத் தெரியாமலா பெய்கிறது? ‘வந்துள்ளதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று சொல்வதோடு அமைச்சரின் கடமை முடிந்துவிடுகிறது. எண்ணிக்கையும் தேதியும் அலுவலகத்தின் பெயரும் கேட்டால், கீழ்நிலை அலுவலர் வரை ஒருவர் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும்.

அப்படித் திறக்க மனமில்லாதபோது துறைகள் கைக்கொள்ளும் இன்னொரு வழியும் உண்டு. ‘விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்ற பதிலை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சில விவரங்களைத் திரட்ட உண்மையிலேயே காலம் தேவைப்படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வட்டத்தில் எத்தனை பணியிடம் காலி என்பது மாதந்தோறும் சம்பளப் பட்டியல் போடும் அலுவலகத்துக்குத் தெரியாத விவரமா? இத்தகைய பதிலோடு கேள்வி செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாமதமாக வரும் பதிலைத் தாமதத்துக்கான காரணத்தோடு சபையில் வைக்கும் முறை இருக்கிறது. அமைச்சர் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. 1980-இல் பிற மாநிலங்களுக்கு முன்னோடியாகக் கேரளம் ஏற்படுத்திய துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. கேட்ட உறுப்பினரே அந்தக் கேள்வியை மறந்துவிட்டால் இவற்றால் பயன் ஒன்றுமில்லை.

எப்படிக் கேட்கலாம் என்பதற்கு எங்கள் வாழ்க்கையிலிருந்தே சிலவற்றைச் சொல்கிறேன். சமூக நலப் பென்ஷன் வாங்குவோர், அரசின் இணையச் சேவை மையமான அட்சயா மையத்துக்குச் சென்று விரல்ரேகை வைத்து ‘மஸ்டரிங்’ செய்ய, அதாவது தாம் உயிரோடிருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கத்து மையம் ஒன்றில் கொழுந்து கிள்ளி ஓய்ந்த ஒரு பாட்டி, சேலைத் தலைப்பில் பெருவிரலைத் துடைத்துத் துடைத்து இயந்திரத்தில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லாண்டு தேயிலைக் கறையும் கவாத்துக் கத்தியும் பட்ட விரலில் ரேகை எங்கிருந்து வரும்? வலக்கை, இடக்கை, ஒவ்வொரு விரலாக வைத்தார். இயந்திரம் ஏற்கவில்லை. ‘பஞ்சாயத்தில் லைப் சர்ட்டிபிகேட் கொடுங்கம்மா’ என்றார் மையத்துப் பெண். அந்தப் பாட்டிக்குப் பஞ்சாயத்து அலுவலகம் ஜீப்புக் கூலி கொடுத்துப் போய் வரும் தூரம். அங்கே தரவேண்டிய படிவம் மலையாளத்தில்.

இதைப் பற்றி ‘மஸ்டரிங்கில் மூத்த குடிமக்கள் படும் சிரமம் அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா’ என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் கடைசி மஸ்டரிங்கில் விரல்ரேகை பொருந்தாதவர்கள் ஊராட்சிவாரியாக எத்தனை பேர், அவர்களில் சான்று கொடுத்துப் பென்ஷனைத் திரும்பப் பெற்றவர்கள் எத்தனை பேர், நின்றுபோன மாதங்களின் தொகை யாருக்கெல்லாம் நிலுவையில் உள்ளது, வீட்டுக்கே சென்று சரிபார்க்க எந்த அலுவலரிடம் பொறுப்பு தரப்பட்டுள்ளது என்று கேளுங்கள். 2025 நவம்பரிலிருந்து பென்ஷன் 1,600 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது நல்ல செய்திதான். ஆனால் உயர்த்திய தொகை எத்தனை பேருக்குப் போய்ச் சேரவில்லை என்பதை, கேட்டால் ஒழிய அரசு தானாக வந்து சொல்லாது.

அடுத்தது பணியிடங்கள். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் ‘தமிழும் மலையாளமும் அறிந்த’ எழுத்தர் என்று தனியாகவே மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் தமிழில் எழுதிய மனுவை மேசைமேல் வைத்தால், ‘மலையாளத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள்’ என்று திருப்பித் தள்ளும் அலுவலகத்தைக் காணாத தமிழர் இந்த மலையில் அரிது. அப்படியானால் அந்தத் தமிழறிந்த எழுத்தர் எங்கே? மொத்தப் பணியிடம் எத்தனை, நிரப்பியவை எத்தனை, காலியானவை எந்தத் தேதி முதல் காலி, நியமிக்கப்பட்டவர் உண்மையில் எந்த இருக்கையில் அமர்ந்து எந்தக் கோப்பைப் பார்க்கிறார் என்ற விவரங்கள் அலுவலகவாரியாக வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். பட்டியலில் நிரம்பியும் முன்மேசையில் காலியாகவும் ஒரு பணியிடம் இருக்க முடியும்.

தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றியும் இதே முறையில் கேட்க வேண்டும். பாடநூல் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து சேர்ந்த தேதி, ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா என்ற விவரம் ஆகிய இரண்டையும் பெற்றுத் தந்தாலே, மீதியைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

லயங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 உயிர்கள் போயின. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தியே தெரிந்தது. அதன்பின் சபையில் இரங்கலும் அறிவிப்பும் வந்தன. எங்களுக்கு வேண்டியது வேறு. சரிவு அபாயமுள்ள இடத்தில் இன்னும் எத்தனை லயங்கள் நிற்கின்றன, அவை எந்தெந்தத் தோட்டத்தின் எந்தெந்த டிவிஷனில் உள்ளன, ஆய்வு செய்தது யார், எப்போது, குடியிருக்கத் தகுதியற்றது என்று எழுதப்பட்டவற்றில் இன்று யாராவது குடியிருக்கிறார்களா என்ற பட்டியல் வேண்டும். பட்டியல் ஒன்று சபையில் வைக்கப்பட்டால், அடுத்த பருவமழைக்கு முன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க எங்கள் தொழிற்சங்கத்தாருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

பீருமேட்டின் நிலை இன்னும் சிக்கலானது. தேயிலை விலை சரிந்த 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே பல தோட்டங்களை உரிமையாளர்கள் கைவிட்டுப் போனார்கள். தொழிலாளிகள் போகவில்லை. போவதற்கு இடமில்லை, கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை வராமல் லயத்தைக் காலி செய்யவும் மனமில்லை. குடியிருப்பும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தக் கடமைகள் 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. முதலாளியே இல்லாத தோட்டத்தில் ஒற்றை அறையும் சமையற்கட்டுமான அந்த வீட்டின் கூரைக்கு யார் பொறுப்பு? தொழிலாளர் துறையைக் கேட்டால் நிலம் வருவாய்த் துறையின் வழக்கில் இருக்கிறது என்பார்கள். வருவாய்த் துறையைக் கேட்டால் வீடு ஊராட்சியின் எல்லையில் இருக்கிறது என்பார்கள். ஊராட்சி, தனியார் நிலத்தில் பணம் செலவிட விதியில்லை என்று கையை விரிக்கும். ஒவ்வொரு அமைச்சருக்கும் கேள்விக்கு உரிய நாள் தனித்தனியாக ஒதுக்கப்படுவதால் இந்தப் பந்தாட்டம் சபைக்குள்ளும் எளிதாக நடக்கிறது. ஐந்து தொகுதிகளின் உறுப்பினர்கள் பேசி வைத்துக்கொண்டு, ஒரே லயத்தின் பெயரைச் சொல்லி, ஒரே கேள்வியை மூன்று அமைச்சர்களின் நாளிலும் கொடுத்துப் பாருங்களேன். மூன்று பதில்களையும் அருகருகே வைத்தால், பொறுப்பு எந்த இடத்தில் கைநழுவுகிறது என்பது தெரிந்துவிடும்.

சித்தூர்ப் பகுதியைப் பற்றி நான் அதிகம் பேசும் தகுதியுடையவன் அல்லன். 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தர வேண்டும் என்பது எல்லையின் இரு பக்கத்தாரும் அறிந்த கணக்கு. வருடக் கணக்கைவிட வாரக் கணக்கைக் கேட்பது உழவருக்குப் பயன்படும் என்பது மட்டும் என் எண்ணம். நெல் காய்ந்த பிறகு வந்து சேர்ந்த நீரும் வருடக் கணக்கில் வந்த நீர்தான்.

‘தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, நீங்களே கேட்கலாமே’ என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். கேட்கிறோம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் தகவல் அலுவலர் தருவது அலுவலகத்தில் இருக்கும் தாளின் நகல். ‘ஏன் செய்யவில்லை’ என்பதற்குப் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்லர். அமைச்சர் கடமைப்பட்டவர். அவர் சபையில் தெரிந்தே தவறான தகவல் தந்தால் அது உரிமை மீறல் ஆகும். எங்கள் பத்து ரூபாய் மனுவுக்கு இல்லாத வலு உங்கள் கேள்விக்கு உண்டு.

ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கு ஒரு தர்மசங்கடம் இருப்பதை அறிவேன். தங்கள் அமைச்சரையே நெருக்கினால் கட்சியில் முகம் சுளிப்பார்கள் என்று தயங்கி, அரசின் சாதனையை விளக்க வாய்ப்பளிக்கும் கேள்விகளைக் கொடுப்பவர்கள் எந்தச் சபையிலும் உண்டு. 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்டதை மக்களவையில் துருவியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். மறு ஆண்டு பதவி விலகியவர் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. இதனால் பெரோஸ் காந்தியைக் கட்சித் துரோகி என்று வரலாறு எழுதவில்லை. எதிர்க்கட்சியினருக்கு இருக்கும் மயக்கம் வேறு வகையானது. அவசரப் பிரச்சினையைச் சபையில் எழுப்பும் சப்மிஷனும் வெளிநடப்பும் மாலைச் செய்தியில் வரும், குறியிடாத கேள்வி வராது என்பதால் பின்னதில் ஆர்வம் குறைகிறது. எங்களுக்கோ செய்தியில் வராத அந்தக் கேள்விதான் பிறகு கோப்பில் கிடைக்கிறது.

சபையில் தமிழில் பேசுவது பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் தேவிகுளம் உறுப்பினர் தமிழில் உறுதிமொழி ஏற்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தைப் போதிய அளவு சொல்ல இயலாத உறுப்பினருக்குத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதி தரலாம் என்று 210-ஆவது பிரிவும் சொல்கிறது. ஆயினும் கேள்வியை நீங்கள் மலையாளத்தில் கேட்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. துறை அதிகாரிக்கு நேராகப் புரியும் மொழியில் கேட்பதே வேலையை நடத்தும். பதில் எங்களுக்குத் தமிழில் வந்து சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை. உங்கள் தொகுதி அலுவலகத்தில் ஒருவர் அரை நாள் உட்கார்ந்தால் ஒரு கூட்டத்தொடரில் எங்கள் வட்டங்களைப் பற்றி வந்த பதில்கள் அத்தனையையும் தமிழில் எழுதிவிடலாம். அதை ஊராட்சி அலுவலகத்திலும் ஊர் வாசகசாலையிலும் தோட்ட ஆபீஸ் வாசலிலும் ஒட்டினால், எந்தப் பதில் உண்மை, எது காகிதத்தில் மட்டும் உண்மை என்பதை அந்த இடத்து மக்களே உங்களுக்குச் சொல்வார்கள். உங்கள் அடுத்த துணைக்கேள்வி அதிலிருந்தே கிடைக்கும்.

கேள்விக்கான அறிவிப்பைக் கூட்டத்துக்குப் பல நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டியிருப்பதால், சபை கூடிய பிறகு நாங்கள் திருவனந்தபுரத்துக்கு மனுவோடு வந்து பயனில்லை. ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்ட உடனே, தொகுதிக்கு ஒரு நாள் ஒதுக்கி, தொழிற்சங்கத்தாரையும் ஆசிரியர்களையும் அட்சயா மையத்தில் வேலை செய்யும் பெண்களையும் ஆஷா பணியாளர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். எந்தப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை உங்கள் உதவியாளர்களைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமையாக வைத்தால் கொழுந்து எடுக்கும் பெண்களும் கூலி இழக்காமல் வர முடியும்.

மரியாதையுடன்,
பீருமேடு வட்டத்துத் தமிழ் வாக்காளன் ஒருவன்