பகுதி சபையில் வைத்த கோரிக்கைகளை வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டி மனு

அனுப்புநர்:
வார்டு குடியிருப்பாளர்கள்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: பகுதி சபைக் கூட்டத்தில் பதிவான நடைபாதை, பேருந்து நிறுத்தக் கோரிக்கைகளுக்கு வரும் நிதியாண்டில் நிதி ஒதுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வார்டில் அரசு மருத்துவமனைக்கு எதிரே ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வரும் பெரியவர்கள் காலை ஏழரை மணிக்கே அங்கு வந்து இறங்குகிறார்கள். நிழற்குடை ஓரிடத்தில், பேருந்து நிற்பது அறுபது அடி தள்ளி வேறோரிடத்தில். இடையில் நடைபாதையை மின்மாற்றி அடைத்துக்கொண்டிருப்பதால் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அந்த நடைபாதை விளிம்பின் உயரத்தை நாங்களே டேப் பிடித்து அளந்தோம்: 11 அங்குலம். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி அது 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது 6 அங்குலம்கூட வராது. நாங்கள் அளந்துகொண்டிருந்தபோதே ஒரு பாட்டி கைத்தடியைக் கீழே சாலையில் வைத்துவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மெல்ல இறங்கினார். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தபடி நின்றது.

இதைச் சென்ற ஆண்டு, வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்பவர்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் சொன்னோம். பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள், கையெழுத்தும் போட்டோம். அதன்பின் பதில் இல்லை. இந்த ஆண்டு அதே சாலையில் ரவுண்டானாவுக்கு நீரூற்றும் நடுத்தடுப்புக்குப் புது வண்ணமும் வந்தன. நீரூற்று கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட இரண்டு படிகளுக்கும் ஒரு சரிவுப் பாதைக்கும் அதைவிடக் குறைந்த பணமே ஆகும் என்பதைத்தான் பணிவுடன் சொல்கிறோம்.

1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்குமான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின. தெருவில் குடியிருப்பவரே தன் தெருவின் தேவையைச் சொல்ல முப்பது ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த இடம் அது. அங்கே சொன்னது பொறியாளரின் மதிப்பீட்டுத் தாளை எட்டாவிட்டால் கூடிப் பேசியதற்கு என்ன பயன்?

புனே மாநகராட்சி 2006 முதலே, வரவு செலவுத் திட்டம் போடுவதற்கு முன் குடிமக்களிடம் பணிகளைக் கேட்டு வாங்குகிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக வேண்டும் என்றது. நமது நகரில் அப்படி ஒரு பங்கு இதுவரை வரையறுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்ற கூட்டம் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கார் நிறுத்த இடம் கேட்டார்கள். அவர்கள் தேவையும் நியாயமானதே. ஆனால் பேருந்தில் போகிற வீட்டுவேலைப் பெண்களும் கட்டடத் தொழிலாளர்களும் அந்நேரம் வேலையில் இருந்தார்கள். அவர்கள் வராத கூட்டத்தின் பட்டியலை ஊரின் விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே, அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகள் தயாராகும் முன் எங்கள் பகுதி சபையை ஒரு ஞாயிறு மாலையில் கூட்ட உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே, ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று எழுதி வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். "அது நெடுஞ்சாலைத் துறையின் சாலை" என்பதுதான் காரணம் என்றால் அதையும் எழுதட்டும். நாங்கள் அங்கே போய் மனுக் கொடுப்போம். சாலை நிதியில் நடைபாதைக்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, அதன் முதல் பணியாக மருத்துவமனை நிறுத்தத்தைச் சீரமைத்துத் தர வேண்டுகிறோம்.

உதவிப் பொறியாளர் எந்த நாள் வந்தாலும் எங்களில் நால்வர் டேப்புடன் காத்திருப்போம். காலை ஏழரை மணிக்கு வரச் சொல்லுங்கள் ஐயா. பாட்டிமார் இறங்கும் நேரம் அதுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வார்டு குடியிருப்பாளர்கள்

இணைப்பு: அளவுகளுடன் நிறுத்தத்தின் வரைபடம், புகைப்படங்கள், கையொப்பத் தாள்கள்.