மூர்த்திக்கு, உன் பிபி 134/84 பற்றி

அன்புள்ள மூர்த்தி,

உன் மெயிலுக்கு இப்பதான் பதில் போடறேன், திட்டாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். சோடாபுட்டி ரிட்டயர் ஆயிட்டான்; பேச்சு மட்டும் ஆகலை.

அதே 134/84க்கு நியூஜெர்சியில உனக்கு மாத்திரை, இங்கிலாந்துல லெஸ்டர்ல உன் மச்சானுக்கு 'போயிட்டு வாங்க'. யாரோ ஏமாத்தறாங்கன்னு குதிக்கிறே. யாரும் ஏமாத்தலை. அமெரிக்கா 2017ல பிபிக்கான எல்லைக்கோட்டை 130/80க்கு இறக்கிடுச்சு. இங்கிலாந்து இன்னும் 140/90லதான் நிக்குது. அமெரிக்காவிலயும் 130ஐத் தாண்டினவன் எல்லாருக்கும் உடனே மாத்திரை கிடையாது. உனக்குச் சர்க்கரை இருக்கு, அதான். மச்சான்கிட்ட அதை மறைச்சுட்டியாக்கும்!

ஆனா இங்கிலாந்துக்காரன் ஆஸ்பத்திரி ரீடிங்கை மட்டும் நம்பி பிபின்னு முத்திரை குத்தமாட்டான். 24 மணி நேரம் பிபி அளக்கற பட்டையைக் கையில கட்டி அனுப்புவான். பகல் சராசரி 135/85ஐத் தொட்டாத்தான் பிபி. அது ஒத்துவரலைன்னா வீட்டிலேயே பார்க்கணும்: காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை, நடுவுல ஒரு நிமிஷம் விட்டு. குறைஞ்சது நாலு நாள், ஏழுன்னா உத்தமம். முதல் நாள் கணக்கைத் தள்ளிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடு. நீ அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். கை தொங்குது, பட்டை சட்டை மேல, கால் மேல கால் வேற. வாயும் சும்மா இருந்திருக்காது. அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்ச்சுப் பேசாம உட்காரு, கையை மேஜைமேல நெஞ்சு உயரத்துக்கு வை. உன் தடிக் கைக்குப் பெரிய பட்டை வாங்கு. சின்னது கூட்டிக் காட்டும்.

கோட்டுச் சண்டையை விடு. 2019 கணக்குப்படி 30லேர்ந்து 79 வயசுக்குள்ள உலகத்துல 128 கோடி பேருக்கு பிபி. கட்டுக்குள்ள இருந்தது அஞ்சுல ஒருத்தருக்குத்தான். கனடா, தென்கொரியாவில பாதிக்கு மேல. மருந்து என்னவோ எல்லா ஊர்லயும் அதே அம்லோடிபின், டெல்மிசார்டன் வகையறாதான். அடுத்த மாச மாத்திரை கைக்கு வருதா, யாராவது திரும்ப அளந்து பார்க்கறாங்களா, அங்கேதான் இருக்கு வித்தியாசம். வடக்கு கலிபோர்னியாவில கைசர் பெர்மனென்டேங்கற மருத்துவ நிறுவனம், பிபி கட்டுக்குள்ள இருக்கறவங்களை 2001ல 44 சதவீதத்துலேர்ந்து 2009ல 80க்குக் கொண்டுபோச்சு. ரெண்டு மருந்து ஒரே மாத்திரையில. டோஸ் மாத்தினா சில வாரத்துல உதவியாளரே காசு வாங்காம அளந்து பார்த்துடுவாங்க.

நம்ம ஊர்ல 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருது. சிவகாமி அத்தைக்கும் வருது, ஆனா டப்பாவுல சேர்ந்துட்டிருக்கு. கால் வீங்குதுன்னு அம்லோடிபினை அவளே நிறுத்திட்டா, பக்கத்து வீட்டுக்காரி பேச்சைக் கேட்டு நீர் மாத்திரை போடறா. அந்த வீக்கம் நீர் மாத்திரைக்கு அடங்காது. டாக்டர்கிட்ட சொன்னா டோஸைக் குறைச்சு டெல்மிசார்டன் சேர்ப்பாங்க. நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறா. அமெரிக்காவிலேர்ந்து நீ சொன்னா வேதவாக்கு. இந்த ஞாயித்துக்கிழமையே போன் போடு.

உன்,
ராகவன்