சேகருக்கு ஒரு லேப்டாப் ஸ்டாண்டு

சிவகாசி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மீனாவுக்கு வரன் அமைந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தை மாதம் என்றால் எங்களுக்கும் தோதுதான். காலண்டர் சீசன் முடிந்து கம்பெனியில் கொஞ்சம் மூச்சு விடலாம். தேதி குறித்ததும் எழுது, முதல் நாளே ஸ்ரீரங்கம் வந்துவிடுகிறோம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. பேப்பரை இப்போது அவரே படித்து எங்களுக்குச் செய்தி சொல்கிறார்.

உன் கழுத்து வலிதான் மனதை உறுத்துகிறது. எலும்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது பெரிய நிம்மதி. ஆனால் மாதாமாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது நள்ளிரவு வரை ஜி.எஸ்.டி. கணக்கோடு லேப்டாப்பில் கவிழ்ந்து கிடந்தால் எந்தக் கழுத்துதான் தாங்கும்? நம் தலையே ஏறக்குறைய 5 கிலோ. நியூயார்க்கில் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்குப் போட்டுச் சொன்னார்: 30 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை சுமார் 18 கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. அரை மூட்டைக்கு மேல் சிமெண்டு, யோசித்துப் பார். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கைக்கு வாகாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வாகாக உயர்த்தினால் தோள் வலிக்கும். இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். எனவே முதலில் ஒரு தனி கீபோர்டும் மவுசும் வாங்கு. நம்பர் பேடு உள்ள பெரிய கீபோர்டாகப் பார், உன் வேலைக்கு அதுதான் சரி. இது இல்லாமல் ஸ்டாண்டு மட்டும் வைத்துப் பயனில்லை.

ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்காதே. வீட்டில் வாஷிங் மெஷின் வந்த பெட்டி கிடக்கிறது என்றாயே, அது போதும். அட்டையின் ஓரத்தைப் பார், நடுவில் அலைபோல் வளைந்து போகும் தாள் தெரியும், அதுதான் நெளி. நெளி ஒரு வரிசை இருந்தால் மூன்று பிளை, அதாவது மூன்று தாள் அடுக்கு; இரண்டு வரிசை இருந்தால் ஐந்து பிளை. ஐந்து பிளையாக இருந்தால் நல்லது. மடிந்த, நசுங்கிய இடத்தைத் தொடாதே, அங்கே பலம் போயிருக்கும்.

இத்தனை வருஷம் அட்டைப்பெட்டி கம்பெனியில் இருந்துகொண்டு சொல்கிறேன்: அட்டையின் பலமெல்லாம் நெளியின் திசையில் இருக்கிறது. நெளி செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தூண். படுக்கையாக வைத்தால் அதே அட்டை தொய்ந்துவிடும். லாரியில் பெட்டி மேல் பெட்டி அடுக்குகிறோமே, பக்கச் சுவரில் நெளி நிமிர்ந்து நிற்பதால்தான் அடிப்பெட்டி தாங்குகிறது. இந்த நெளித்தாள் 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியபோது உயரமான தொப்பிகளுக்கு உள்ளே வைக்கத்தான் இருந்தது. 1871இல் அமெரிக்காவில் பாட்டிலும் விளக்குக் கண்ணாடியும் உடையாமல் சுற்ற எடுத்துக்கொண்டார்கள். இன்று இதை நம்பித்தான் எங்கள் ஊர்ப் பட்டாசும் தீப்பெட்டியும் பயணம் போகின்றன.

வெட்டுவதற்கு முன் அளவு. கடையில் வாங்கும் ஸ்டாண்டு உன் கண்ணை அறியாது, அதனால்தான் வீட்டில் செய்யச் சொல்கிறேன். நிமிர்ந்து உட்கார், மேஜையிலிருந்து கண் எவ்வளவு உயரம் என்று மீனாவை அளக்கச் சொல். அதில் திரையின் உயரத்தையும் லேப்டாப்பின் தடிமனையும் கழி. கண் 43 செ.மீ., திரை 23, தடிமன் 2 என்றால் மீதி 18. திரையின் மேல் ஓரம் கண்ணுக்கு நேராக வர, எல்லோருக்கும் அதுதான் ஸ்டாண்டின் பின் உயரம். ஆனால் நீ பைஃபோகல் கண்ணாடி போடுகிறாய். கிட்டத்தில் இருப்பதைக் கீழ்ப் பாதி வழியாகப் பார்ப்பவன் திரை உயர்ந்தால் முகவாயைத் தூக்குவான், கழுத்து வேறு பக்கமாக வலிக்கும். அதனால் இன்னும் 4 குறைத்து 14 வை.

பக்கத் தகடு இரண்டு. அடி நீளம் 27 செ.மீ., பின் உயரம் 14, முன் உயரம் 9, நெளி நிமிர்ந்திருக்க வேண்டும். முன் நுனியில் ஒன்றரை செ.மீ. உயரத்துக்கு ஒரு மூக்கு விட்டு வெட்டு, லேப்டாப் சரிந்து வராமல் அது பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தகட்டையும் இரண்டு அட்டை ஒட்டிக் கனமாக்கு. ஃபெவிகாலை மெல்லத் தடவி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடு. பசை தண்ணீராக வழிந்தால் அட்டை ஊறிப்போகும்.

குறுக்குத் தகடும் இரண்டு, 30 செ.மீ. நீளம், அதையும் அதேபோல் ஒட்டிக்கொள். இவை நிற்கும் இடத்தில் பக்கத் தகட்டைவிட ஒரு விரல் தாழ்வாக இருக்கட்டும். பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு அடியில்தான் காற்று உள்ளே போகும் துளைகள். புத்தகம் அடுக்கி அதன்மேல் வைக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். குறுக்குத் தகட்டில் மேலிருந்து பாதி வரை பிளவு, பக்கத் தகட்டில் கீழிருந்து அதே உயரத்துக்குப் பிளவு, ஒன்றுக்குள் ஒன்று இறக்கினால் பிடித்துக்கொள்ளும். பிளவின் அகலம் அட்டையின் தடிமன்தான், துண்டை வைத்தே கோடு போடு. சற்று இறுக்கமாக இருந்தால் ஆட்டம் இருக்காது.

லேப்டாப்பை உடனே ஏற்றிவிடாதே. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை ஒரு ராத்திரி அதன்மேல் வை. உன் லேப்டாப்பைப் போல இரண்டு மடங்கு கனம் இருக்கும். தாங்கினால் கவலையில்லை. அட்டைக்கு ஈரம் எமன், மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையே குடித்துத் தளரும். அடி ஓரங்களில் பிரவுன் டேப் ஒட்டு. காபி டம்ளரைத் தள்ளி வை. ரொம்ப நாள் உழைக்க வேண்டுமென்றால் அரை அங்குல பி.வி.சி. பைப்பும் எல்போவும் வாங்கி இதே அளவில் செய்யலாம். ஆனால் முதலில் அட்டையில் செய்து, உயரம் ஒத்துவருகிறதா என்று ஒரு மாதம் பார்.

அப்புறம், உன் கண் உயரத்தை எழுதி அனுப்பு. உனக்கு நேரமில்லை என்றால் ஏழு பிளை அட்டையில் நானே வெட்டி, பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். அடுத்த 20ஆம் தேதிக்குள் உன் மேஜையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
முத்து