மரம் வாங்குவதற்கு முன்னால் முழங்கையை அள

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மோல்மீன் மழைதான் உனக்குத் தெரியுமே, துணி காயப் போட இடமில்லாமல் தையல் மிஷின் மேலேயே கொடி கட்டியிருக்கிறேன். அப்பா கால்வலி தேவலை.

நீ போனில் அனுப்பிய மேசைப் படத்தைப் பார்த்தேன். எல் வடிவம், மூன்று டிராயர், தலைக்கு மேலே புத்தகத் தட்டு, ஓரமெல்லாம் நீல விளக்கு. அந்த ஃபர்னிச்சர் கடைக்காரர் கேட்ட தொகையையும் பார்த்தேன். ரங்கூனில் மேசை விற்கிறார்களா, கல்யாண மண்டபம் கட்டித் தருகிறார்களா என்று அப்பா கேட்கிறார். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ஆசாரி வேலை தெரியாதுதான். ஆனால் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை மேசைமுன் உட்கார்ந்து பிழைக்கிறவள். துணி வெட்டுகிற மேசை இடுப்புயரம் இருக்க வேண்டும், தைக்கிற மேசை முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டும். மாறிப்போனால் ராத்திரி தோள்பட்டை சொல்லிவிடும். கம்ப்யூட்டர் மேசையும் தைக்கிற மேசை ஜாதிதான். கடையில் விற்கிற மேசை பெரும்பாலும் 29, 30 இஞ்சு உயரம். ஆறடி ஆளுக்கு அது பொருந்தும். நீ ஐந்தடி ஐந்து. அந்த உயரத்தில் கீபோர்டு வைத்தால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்வாய். கழுத்து வலி என்று போன மாதம் சொன்னாயே, அது தலையணையால் வந்தது என்று நான் நம்பவில்லை.

அதனால் மரக்கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய். நீ உட்காரப்போகிற நாற்காலியிலேயே உட்கார். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். தோளைத் தளர்த்தித் தொங்கவிட்டு முழங்கையை மடக்கு. கூட இருக்கிற பையனைக் கூப்பிட்டு, தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம்வரை டேப் பிடிக்கச் சொல். நீயே குனிந்து அளக்காதே, குனிந்தால் அளவு மாறும். செருப்புப் போட்டு வேலை செய்வாய் என்றால் செருப்போடு அள. உனக்கு 26 இஞ்சுக்குப் பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன். அதுதான் மேசையின் மேல் உயரம், அரை இஞ்சு குறைந்தாலும் பாதகமில்லை.

அடுத்தது அகலம். என் தையல் டேப் 60 இஞ்சு, ஒரு டேப் நீளம் மேசை உனக்குத் தாராளம். ஆழம் 28 இஞ்சு போதும். மானிட்டர் கையை நீட்டினால் விரல் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் கண் எரியும். உன் அறை ஹாலைப் பலகை வைத்துத் தடுத்தது, குறுக்கே எட்டடி, அதாவது 96 இஞ்சு. கட்டிலுக்கு 36, மேசைக்கு 28 போனால் மீதி 32. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க ஒரு 30 இஞ்சு வேண்டும். பிழைத்தாய்! அந்த எல் வடிவ மேசையை வாங்கியிருந்தால் கட்டில்மேல் ஏறித்தான் நாற்காலிக்குப் போக வேண்டியிருக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் பழைய பேப்பரை ஒட்டி 60க்கு 28 வெட்டித் தரையில் போட்டு இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார். கதவு இடிக்கிறதா, ஜன்னல் திறக்கிறதா என்று தெரியும். ரவிக்கைக்கே நான் முதலில் பேப்பரில்தான் வெட்டுகிறேன்.

மேசையை முன்பக்க ஜன்னலோரம் வை. அந்த மாதிரி நீள ஃபிளாட்டில் வெளிச்சம் முன்னாலும் பின்னாலும்தான், நடுவில் பகலிலும் இருட்டு. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தால் கண் கூசும், முதுகு காட்டி உட்கார்ந்தால் திரையில் ஜன்னல்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும், நீ வலக்கைக்காரன், இடதுபக்கம் வந்தால் எழுதும்போது நிழல் விழாது.

இனி மரம். தேக்கு வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்து அப்பா சிரித்தார். 1827 முதல் 1852 வரை பர்மாவில் வெள்ளைக்காரனுக்கு நம்ம மோல்மீன்தான் தலைநகர். சால்வின் ஆற்றில் தேக்கு மிதந்து வந்ததும் இங்கேதான், கப்பல் கட்டியதும் இங்கேதான். அந்த ஊரில் பிறந்தவன் தேக்கு கேட்பதில் தப்பில்லை. ஆனால் 2014 ஏப்ரலில் உருட்டு மரம் வெளிநாட்டுக்குப் போவதை நிறுத்தினார்களே, அப்போதும் அது நம் கைக்கு எட்டவில்லை. பியிங்கடோவும் வேண்டாம், பாலத்துக்கும் ரயில் கட்டைக்கும் போடுகிற இரும்பு மரம் அது, உன் சின்ன டிரில் தாங்காது. ரப்பர் மரம் மலிவு, முடோன் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம்தானே. ஆனால் மருந்து ஏற்றிப் பதப்படுத்தாத ரப்பர் பலகையில் வண்டு விழும், பூஞ்சை பிடிக்கும். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பி வாங்கிவிடாதே.

உனக்கு ஏற்றது ப்ளைவுட், 18 மில்லி, எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே ஒன்று. வாங்கும்போது மேல்பக்க மினுமினுப்பைப் பார்க்காதே, விளிம்பைப் பார். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு, ஸ்குரூ அங்கேதான் வழுக்கும். தண்ணீர் தாங்கும் ரகமா என்று கேள். மேலே பளபளவென்று தாள் ஒட்டிய மரத்தூள் பலகை மலிவாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் ஓரமெல்லாம் ஊறிப் பூரி மாதிரி உப்பிவிடும்.

அந்த ஒரு ஷீட்டிலேயே முழு மேசையும் வரும், தம்பி. நான் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டேன். எட்டடி நீளத்தை முதலில் 60 இஞ்சில் குறுக்காக அறுக்கச் சொல். அந்தப் பெரிய துண்டில் 28 இஞ்சு அகலம் எடுத்தால் மேல் பலகை. அடுத்து 10 இஞ்சு எடுத்தால் பின்பக்கத் தாங்கு பலகை, அதன் நீளத்தை 56 ஆகக் குறைத்துக்கொள். மிச்சம் ஒன்பதே முக்கால் இஞ்சுப் பட்டை நிற்கும். அதில் இரண்டடி வெட்டி மானிட்டருக்கு ஸ்டூல் செய், அதன் காலும் அதிலேயே வந்துவிடும். திரையின் மேல் விளிம்பு உன் கண்ணுக்கு நேராக வரும்படி ஸ்டூல் உயரத்தை வைத்துக்கொள். மூன்றடித் துண்டில் இரண்டு பக்கக் கால்கள், ஒவ்வொன்றும் 23¾ அகலம், 25¼ உயரம். மேல் பலகையின் முக்கால் இஞ்சைச் சேர்த்தால் 26. மீதிப் பட்டையில் சிபியு வைக்க ஒரு தட்டு. ரம்பம் தின்கிற அரைக்கால் இஞ்சையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன், நீ மறுபடி கூட்டிக் கழித்துக் குழப்பாதே. உன் முழங்கை அளவு மாறினால் கால் உயரம் மட்டும் மாறும்.

அறுப்பதைக் கடையிலேயே முடித்துவிடு. கூலி கொஞ்சம்தான். ஆறாவது மாடிக்கு அந்தக் குறுகல் படியில் எட்டடி ஷீட்டைத் திருப்பவே முடியாது. துண்டுகளாகக் கட்டி வந்தால் பால்கனியிலிருந்து கயிறு விட்டு இழுத்துக்கொள்ளலாம், அந்தத் தெருவில் பீரோவையே அப்படித்தானே ஏற்றுகிறார்கள். கோட்டின்மேல் காகித டேப் ஒட்டி அறுத்தால் சிராய் பெயராது, அதையும் சொல்லி வை.

ஆணியும் பசையும் போட்டு ஒட்டிவிடாதே. வீட்டுக்காரர் ஒரு வருஷ வாடகையை மொத்தமாக முன்பணமாக வாங்கியிருக்கிறார், அடுத்த வருஷம் எவ்வளவு கேட்பாரோ, நீ எந்தத் தெருவில் இருப்பாயோ. கழற்றிக் கட்டுகிற மாதிரி செய்துகொள். பக்கக் கால்களையும் பின் பலகையையும் எல் ஆங்கிள் வைத்து போல்ட் நட்டால் முடுக்கு. மேல் பலகைக்கு அடியிலிருந்து ஸ்குரூ போடு, அரை இஞ்சு ஸ்குரூ. ஒரு இஞ்சு போட்டால் பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே முளைத்து நிற்கும். பின் பலகையை மேல் பலகைக்கு ஒட்டினாற்போல் வை. மேசை இடவலமாக ஆடாமல் பிடிப்பதும் பின்பக்கம் தொய்யாமல் தாங்குவதும் அதுதான். முன்பக்கம் ஐந்தடி நீளத்துக்குத் தாங்கல் இல்லாவிட்டால் நாளடைவில் தொய்யும். ஒன்றரை இஞ்சு ரீப்பர் கட்டை ஒன்றை விளிம்பிலிருந்து நாலு இஞ்சு உள்ளே தள்ளிப் போடு. அதற்குமேல் தடிமன் போனால் தொடை இடிக்கும்.

டிராயர் வேண்டாம். மேசையில் பணத்தை விழுங்குவதே அதுதான். ஒரு டிராயருக்கு ஐந்து பலகை, இரண்டு சேனல், அப்புறம் அதைச் சதுரமாக ஓட வைக்க ஆசாரிக்குக் கூலி. பேனாவுக்கும் சார்ஜருக்கும் ஒரு பிஸ்கட் டின் போதும். தலைக்கு மேல் புத்தகத் தட்டும் வேண்டாம். 2025 மார்ச் 28 பூமி ஆட்டத்தில் இங்கே விளக்கெல்லாம் ஊஞ்சலாடியது, மண்டலேயில் என்ன ஆனது என்று நீயும் பார்த்தாய். புத்தகத்தைக் கீழே வை.

வார்னிஷ் அடிக்கும்போது அடிப்பக்கத்தையும் விடாதே. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். உப்புத்தாளில் முதலில் 120 நம்பர், பிறகு 240. வெட்டிய விளிம்புதான் தண்ணீரை உறிஞ்சும், அங்கே ஒரு கோட் கூடுதலாக அடி. மணிக்கட்டு படும் முன் விளிம்பை நன்றாக உருட்டித் தேய். நம் வீட்டு மரச் சுவருக்கு அடிக்கிற கறுப்பு எண்ணெய் கரையானுக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள், மேசைக்கு ஆகாது, நாற்றம் போகாது.

கரண்ட் விஷயம். எக்ஸ்டென்ஷன் போர்டைப் பின் பலகையில் திருகிவிடு, பெருக்கித் துடைக்கும்போது தண்ணீர் படாது. வயரெல்லாம் இறங்க மேசையைச் சுவரிலிருந்து இரண்டு இஞ்சு தள்ளிப் போடு, ஈரச் சுவரில் பலகை ஒட்டாமலும் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியைக் காலடியில் வைக்காதே. ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வாயு விடும், பால்கனிப் பக்கம் காற்றோட்டமாக இருக்கட்டும்.

இப்படிச் செய்தால் கடைக்காரர் கேட்டதில் நல்ல பங்கு மிஞ்சும். அதை நீல விளக்கில் போடாதே, நாற்காலியில் போடு. ஆபீஸ் மூடுகிறவர்கள் விற்கிற பழைய நாற்காலி கிடைக்கும். உட்கார்ந்து பார், உயரம் ஏறி இறங்குகிறதா, இறங்கினால் உன் பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்து வாங்கு. துணி கிழிந்திருந்தால் பேரம் பேசு, உறை நான் தைத்துத் தருகிறேன்.

முழங்கை அளவையும் நாற்காலி இருக்கையின் அகல நீளத்தையும் இந்த வாரத்துக்குள் அனுப்பு. இலவம்பஞ்சு வீட்டிலேயே இருக்கிறது. மெத்தையைத் தைத்து ரங்கூன் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், கூட ஒரு டப்பா பாலாச்சாவும், அதான் உனக்குப் பிடித்த காய்ந்த இறால் வறுவல், வரும். அறைப் பையனுக்கும் கொடு, டேப் பிடித்தவன் அவன்தானே.

அன்புடன்,
அம்மா