ஆடிப் பதினெட்டுக்குக் காப்பரிசி பிசையப் போகிறோம், டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஆடிப் பதினெட்டுக்கு என் வீட்டுத் திண்ணையில், சனிக்கிழமைகளில் புத்தகம் படிக்க வருகிற பிள்ளைகளோடு மறுபடியும் காப்பரிசி பிசைவது என்று முடிவு செய்திருக்கிறேன். உங்களைக் கேட்கவில்லை. போனில் கேட்டிருந்தால் "கொஞ்சம் பொறும்மா" என்பீர்கள், நானும் "சரி டீச்சர்" என்று வைத்துவிடுவேன். இத்தனை வருடமாக அப்படித்தானே போயிற்று. அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதிவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும், பின்வாங்க வழியிருக்காது.

ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் எந்தத் தெரு, யார் வீடு என்பதெல்லாம் இதில் வராது. உங்களுக்கு அது வேண்டியதும் இல்லை.

கஜா புயலுக்கு அடுத்த வருடத்து ஆடி. படக்கதையைப் படித்து முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "காப்பரிசி எப்படிச் செய்யறதுன்னு எழுதுங்க. யார் எழுதினது நல்லா இருக்கோ, அதுல எழுதின மாதிரியே நான் செய்வேன். ஒரு வார்த்தை கூடவும் செய்ய மாட்டேன், குறைச்சலாவும் செய்ய மாட்டேன்." நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியதை எடுத்துச் சத்தமாகப் படித்தீர்கள். "அரிசியை எடு. வெல்லத்தை நுணுக்கு. தேங்காயைக் கீறிப் போடு. எள்ளு போடு. பொட்டுக்கடலை போடு. பிசை. சாமிக்கு வை. அப்புறம் தின்னு."

படித்தது போலவே செய்தீர்கள். ஒரு ஆழாக்குப் பச்சரிசியை அப்படியே தாம்பாளத்தில் கொட்டி, வெல்லம் போட்டுப் பிசைந்து, சாமிக்குக் காட்டிவிட்டு ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தீர்கள். திண்ணை முழுக்கக் கடக் கடக்கென்று சத்தம். ஒருத்தி பல்லைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை. பையனுக்கு மட்டும் கோபம். "அரிசின்னா ஊற வெச்ச அரிசி டீச்சர், அது எல்லாருக்கும் தெரியும்ல?" என்றான். நீங்கள் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "படிக்கிறவனுக்கு உன் வீட்டு அடுப்படி தெரியாதுடா. நீ எழுதினாத்தான் தெரியும்."

அவன் தாளின் மேலே, இடமே இல்லாத இடத்தில், இடுக்கி இடுக்கி எழுதினான்: முதலில் அரிசியைக் கழுவி ஊற வை. பெரியவர்கள் "திருத்தி எழுது" என்று நூறு தடவை சொன்னாலும் ஒரு குழந்தைக்கு அது தண்டனையாகத்தான் படும். அன்று அவன் தானாகத் திருத்தினான், ஏனென்றால் விட்டுப்போன வரி அவன் பல்லில் கடிபட்டது. கதை எழுதினால் நல்லா இருக்கு என்று யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். சமையல் குறிப்பு சரியா தப்பா என்று நாக்கே சொல்லிவிடுகிறது. எண்ணம் உங்களுடையது, திண்ணை மட்டும் என்னுடையது என்று நீங்கள் போன பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். தாம்பாளமும் என் அத்தையுடையது. அதைக் கழுவினதும் நான்தான். இதைச் சொல்ல எனக்கு ஆசை இல்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அரிசி ஊறுகிற நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டார்கள். மூணாறு தலைப்பைப் பற்றிச் சொன்னீர்கள். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் நீடாமங்கலத்துப் பக்கம் அங்கே பிரிகின்றன, பிரிந்த பிறகு ஒன்றுக்கு ஒன்று கடிதம் போட்டால் என்ன எழுதும்? "அன்புள்ள கோரையாறுக்கு, உனக்கு மட்டும் தண்ணீர் அதிகமாக விடுகிறார்களாமே, எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இப்படிக்கு, பாமணி." இது இரண்டாம் வகுப்பு. ஊரில் முறைத்தண்ணீர்ச் சண்டையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறெப்படி எழுதும்! இன்னொருவன் மேட்டூர் அணைக்கு விண்ணப்பம் எழுதினான்: ஐயா, ஜூன் 12ஆம் தேதி என்று சொல்லிவிட்டு ஏன் வரவில்லை. அந்தத் தாள்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்று தவிர.

அரிசி ஊறியது. வடித்து, வெல்லத் தூள் போட்டு, இந்தத் தடவை நீங்கள் பிசையவில்லை. "எல்லார் கையும் உள்ளே வரட்டும்" என்றீர்கள். மூன்றாவது படித்த அந்தப் பெண்தான் நன்றாகப் பிசைந்தாள். வெல்லம் கட்டி தட்டாமல், அரிசி நொறுங்காமல், விரல் நுனியில் கிளறிக் கிளறிவிட்டாள். வீட்டில் செய்து பழகிய கை. அந்த நேரத்தில்தான் வாசலில் வந்து நின்றார்கள்.

அவர்கள் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் எழுதியே ஆக வேண்டும். "வீட்ல விருந்தாளி வந்திருக்காங்க, வா" என்று தங்கள் பிள்ளையை மட்டும் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை வெல்லம் ஒட்டிய கையோடு எழுந்து போனது. பைப்படியில் கையைக் கழுவிவிட்டார்கள், தேய்த்துத் தேய்த்து. தாம்பாளத்தில் கை வைத்திருந்த மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. யாருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை திண்ணையில் பாதி இடம் காலி.

நம் ஊரில் எல்லோரும் தாயாய்ப் பிள்ளையாய்த்தான் இருக்கிறோம் என்று சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நடவுக்கும் கல்யாணத்துக்கும் அப்படித்தான் இருக்கிறோம். இதற்கு மேல் இந்தப் பத்தியில் எழுத மாட்டேன்.

நீங்கள் எடுத்த முடிவு எனக்குப் புரியாமல் இல்லை. "சமையல் வேணாம். புத்தகம் போதும். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துடலாம், பிரிச்சு அவங்கவங்க தின்னுக்கட்டும்." வரிசையாகப் பாக்கெட்டுகளை வைத்தீர்கள். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அதுவும் உண்மைதான். வந்ததனால்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்த வருடம் கடகடவென்று படிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் கணக்கில் லாபம்தான். புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம், ஒரே தாம்பாளத்தில் கை வைக்கக் கூடாது என்கிற கணக்கை ஊரும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் டீச்சர், அந்தப் பெண்? அதற்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை விடுப்புக் கடிதம் எழுதச் சொன்னீர்கள். ஒரு காயோ பண்டமோ சமையலறைக்கு லீவ் லெட்டர் எழுத வேண்டும். கத்தரிக்காய் சாம்பாருக்கு எழுதியது, தலைவலி என்று. முருங்கைக்காய்க்குக் கால் சுளுக்கு. அவள் எழுதியது நாலே வரி. "மதிப்பிற்குரிய திண்ணைக்கு, வணக்கம். நான் இனிமேல் வர மாட்டேன். எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கிறது. இப்படிக்கு, காப்பரிசி." மற்றவற்றைச் சத்தமாகப் படித்தீர்கள். அதைப் படிக்கவில்லை. மடித்து உங்கள் பைக்குள் வைத்தீர்கள். அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

உங்களை நான் எவ்வளவு மதித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. பெங்களூருக்குப் போகிற அன்று பீரோச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினீர்களே, அதை இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அந்த நாலு வரியை அன்று நீங்கள் சத்தமாகப் படித்திருக்க வேண்டும். விளையாட்டாக எழுதச் சொல்லிவிட்டு, பிள்ளை நிஜத்தை எழுதியதும் பைக்குள் வைக்கலாமா?

சீர்காழியில் 1892இல் பிறந்த ரங்கநாதனைப் பற்றி எங்களுக்குச் சொன்னது நீங்கள். நூலகத்துக்கு அவர் ஐந்து விதிகள் எழுதினார், முதல் விதி புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அந்த விதிகள் அச்சான அதே 1931இல்தான் நம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வெல்லக் கறை பட்ட பக்கத்தைப் பார்த்து நான் பதறியபோது "பயன்படுத்தினதுக்கு அடையாளம், விடு" என்று சொன்ன ஆள் நீங்கள். புத்தகம் வாசல்வரை வரலாம் என்று மாடு கட்டி ஓட்டினவர்கள் ஊரில், பிள்ளைகள் பிசைந்த ஒரு பிடி அரிசி ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக முடியாதா?

போகவும் போனது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா அடித்துவிட்டுப் போன பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரே அண்டாவில் சோறு பொங்கினோம். யார் அள்ளிப் போட்டார்கள் என்று யார் பார்த்தது? கரண்ட் வந்ததும் தெருக்களும் திரும்பி வந்துவிட்டன. 1982இல் சத்துணவு வந்ததையும் பார்த்தவர் நீங்கள். திருக்குவளை நமக்குத் தூரமில்லை. 2023 ஆகஸ்ட் 25இல் அங்கேதான் காலை உணவைத் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். இன்றைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கிற நம் பிள்ளைகள் காலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுகிறார்கள். அரசாங்கம் செய்தால் சரி, நம் திண்ணையில் என்றால் தயக்கம்.

நீங்கள் பயந்தது உங்களுக்காக அல்ல என்று தெரியும். நான் இந்த ஊரில் குடும்பம் நடத்த வேண்டியவள், என்னை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்றுதான் பார்த்தீர்கள். அந்த அன்பு என் வாயை எத்தனை வருடம் கட்டிப்போட்டது என்று மட்டும் நீங்கள் பார்க்கவில்லை.

இப்போது எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்பீர்கள். அந்தப் பெண்தான். ஒன்பதாவது படிக்கிறாள். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறாள். புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டும் முன் "அடுத்து என்ன வரும்?" என்று நிறுத்துகிறாள், உங்களைப் போலவே. போன வாரம் கேட்டாள், "இந்த ஆடிக்குக் காப்பரிசி பண்ணலாமா அக்கா?" சாதாரணமாகத்தான் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பண்ணலாம் என்றேன்.

அப்புறம் வீடு வீடாகப் போய் முன்கூட்டியே சொன்னேன். ஒரே தாம்பாளம், எல்லார் கையும் படும், இஷ்டமிருந்தால் அனுப்புங்கள். இரண்டு வீட்டில் யோசிக்கிறோம் என்றார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. அன்று வாசலில் வந்து கூப்பிட்டார்களே, அந்த வீட்டில் காபி கொடுத்தார்கள், பதில் சொல்லவில்லை. ஆம்பளைப் பிள்ளையைப் பாத்திரம் கழுவ விடாதீர்கள் என்று ஒரு அம்மா சொன்னார், அதற்கு மட்டும் அங்கேயே முடியாது என்றுவிட்டேன்.

அடுத்தடுத்த மாதங்களுக்கும் யோசித்து வைத்திருக்கிறேன். அடுப்பில்லாமல் ஆகிறவை முதலில்: அவலும் வாழைப்பழமும் வெல்லமும், நீர்மோர், பானகம். பிறகு எள்ளுருண்டை, வறுப்பதை நான் பார்த்துக்கொள்வேன், இடித்து உருட்டுவது அவர்கள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பை ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் எழுதியபடியே செய்ய வேண்டும். நுணுக்கு, துருவு, கிளறு, வடி என்று எத்தனை வினைச்சொல் அவர்கள் கைக்குள் வந்துவிடுகிறது பாருங்கள்.

அந்த நாலு வரித் தாள் உங்களிடம்தான் இருக்கும். நீங்கள் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. அது அவளுடையது, அவளுக்கே கொடுத்துவிட வேண்டும். வந்து உங்கள் கையால் கொடுத்தால் நல்லது. மகன் விட மாட்டார், முழங்கால் வலி என்றால் தபாலில் அனுப்புங்கள், நான் சேர்த்துவிடுகிறேன். பகல் மூன்று மணிக்கு அரிசியை ஊறப் போடுகிறோம். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும்.

அன்புடன்,
திண்ணை வீட்டுக்காரி