பெற்றோலில் ஊதிப்போகும் ஓ-ரிங்: அமல் காபரேட்டர் ரிப்பெயர் கிட் பற்றிய புகார்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

உங்களிடம் வாங்கிய அமல் கொன்சென்ட்ரிக் காபரேட்டர் ரிப்பெயர் கிட் பற்றி எழுதுகிறேன். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் விழுந்ததோடு சரி, பதில் இல்லை. இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பில்லின் பிரதியையும், கிட்டில் வந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

வண்டி 1968ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. பன்டம், டி14/4, 175 சிசி. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க ஓடியது. அவர் போன பிறகு உவர்மலை வீட்டு விறாந்தையில் பல வருடம் சும்மா நின்றது. திருகோணமலை உப்புக்காற்றில் எது தப்பும்? எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேட்டரைக் கழற்றினால் பழைய ரிங்குகள் காய்ந்து, நகம் பட்டதும் உடைந்தன. அந்த வயதில் ரப்பர் அப்படித்தான் இருக்கும். புது ரிங் போட்டால் முடிகிற வேலை. அதற்காகத்தான் உங்கள் கிட்டை வாங்கினேன்.

உங்கள் சாமானைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் வண்டியில் இருக்கிற 626 மாடல் காபரேட்டரில், எஞ்சினோடு சேரும் தட்டை விளிம்பான ஃபிளான்ஜின் பள்ளத்தில் ஒரு பெரிய ஓ-ரிங் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது காற்றளவைச் சரிசெய்கிற பைலட் எயார் ஸ்க்ரூவுக்கும், ஐட்லிங் வேகத்தைச் சரிசெய்கிற த்ரொட்டில் ஸ்டொப் ஸ்க்ரூவுக்கும் தலைக்கொரு சின்ன ரிங். அந்தச் சின்ன ரிங்தான் களவாகக் காற்றுப் போகாமல் தடுக்கிறது. எஞ்சின் அதிர்வில் ஸ்க்ரூ தானாகச் சுழன்று செட்டிங் மாறாமல் பிடித்து வைப்பதும் அதுதான். பெற்றோல் படுகிற இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும், இல்லையென்றால் விட்டான் (Viton) என்கிற ரப்பர் வேண்டும். இதெல்லாம் தெரிந்துதானே காபரேட்டர் கிட் என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறீர்கள்?

பூட்டிய புதிதில் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற வேகம், தானாக ஏறத் தொடங்கியது. அக்சிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் இறங்க மறுத்தது. பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருந்தது, காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்ததன் அடையாளம். எஞ்சின் ஓடும்போது ஃபிளான்ஜைச் சுற்றிக் கிளீனர் ஸ்ப்ரே அடித்தேன், அது உள்ளே இழுபட்டு உடனே சத்தம் மாறியது. எயார் லீக் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கழற்றிப் பார்த்தால் உங்கள் பெரிய ரிங் ஊறின கடலை மாதிரி ஊதி, மெத்தென்று, பள்ளத்துக்குள் அடங்காமல் மேலே நிற்கிறது. எயார் ஸ்க்ரூ ரிங் பிய்ந்து, அதன் துணுக்குகள் பைலட் துளையை அடைத்துவிட்டன. அந்தத் துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்கிற வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று உங்கள் கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தெரியுமா?

இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். எண்ணெய் பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. களவுக் காற்றுப் போனால் பெற்றோல் மட்டுமா குறைகிறது, எண்ணெயும் குறைகிறது. நிலாவெளி வீதியில் நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது எண்ணெயில்லாமல் சிக்கி நின்று, பின்சில்லு இறுகியிருந்தால் இன்று இந்தக் கடிதத்தை என் மனைவிதான் எழுதியிருப்பார்.

இதை உங்கள் ஹொட்லைனில் சொன்னபோது ஓர் இளைஞர் சொன்ன பதில்: "அண்ணே, ஒரு ரப்பர் வளையத்துக்கா இவ்வளவு கத்துறீங்க? அந்தப் பழைய பைக்கைப் பேசாம இரும்புக்குப் போடுங்க." சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். இரும்புக்குப் போடவா? என் அப்பா ஞாயிறுதோறும் துடைத்து வைத்த வண்டியையா? அவருடைய பெயரை நான் கேட்டேன், தரவில்லை. அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்க வேண்டும், எடுத்துக் கேளுங்கள்.

அதற்கு முன் கதைத்தவர் மரியாதையானவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்தான் "காபரேட்டரோடு நேரில் வாருங்கள், பார்த்து உடனே மாற்றித் தருகிறோம்" என்றவர். நம்பி வேலை மினக்கெட்டு இரவு பஸ் ஏறினேன். ஹபரணை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீட்டர், மடியில் காபரேட்டர். விடிந்ததும் உங்கள் வாசலில் நின்றேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, "அதைப் பார்க்கிறவர் இன்றைக்கு லீவு" என்கிறார்கள். ஒரு போன் போட்டுச் சொல்லக்கூடாதா? தண்ணீர்கூட ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் வந்த ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஃபிளான்ஜை அளவுக்கு மீறி இறுக்கி வளைத்துவிட்டீர்கள்" என்றார். கொன்சென்ட்ரிக்கில் அந்தக் கோளாறு வரும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் பூட்டும் முன்பே கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், தட்டையாகவே இருந்தது. அவர் முன்னாலேயே இரும்பு ரூலரை வைத்துக் காட்டினேன், இடையில் வெளிச்சமே தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஊர் திரும்பியதும் மிச்சமிருந்த உங்கள் ரிங் ஒன்றையும், அனுராதபுரச் சந்திப் பக்கத்துக் கடையொன்றில் வாங்கிய சாதாரண நைட்ரைல் ரிங் ஒன்றையும் ஒரே போத்தல் பெற்றோலில் இரவு முழுக்கப் போட்டு வைத்தேன். காலையில் வேர்னியரால் அளந்தால் கடை ரிங் போட்டபடியே இருந்தது. உங்களுடையது பழைய பள்ளத்துக்குள் போகவே மாட்டேன் என்கிறது. இது ஈ.பி.டி.எம். ரப்பர் என்றே நினைக்கிறேன். பிரேக் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நல்ல ரப்பர்தான், பெற்றோலுக்கு ஆகவே ஆகாது.

இதனால் எனக்கு ஒரு வருட உழைப்பு நாசம். இங்கே பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் உங்கள் கிட்டை நான்தான் சிபாரிசு செய்தேன். இப்போது கிண்ணியா வரைக்கும் என் பெயர் கெட்டுக் கிடக்கிறது. அதற்கு எந்தப் பணம் ஈடாகும்?

தயவுசெய்து இதைப் பகையாக எடுக்க வேண்டாம். கிட்டின் விலை, கூரியர் செலவு, கொழும்புப் பயணச் செலவு மூன்றையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். ரிங் எந்த ரப்பர் என்பதை எழுத்தில் தாருங்கள். இதே கிட் வாங்கிய மற்றவர்களுக்கும் அறிவியுங்கள், அவர்களும் வண்டியில் ஏறி வீதிக்குத்தான் போகிறார்கள். அந்த ஹொட்லைன் இளைஞர் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை நான் விடப்போவதில்லை.

பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போவேன். 1977 என்ற அவர்களின் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுப்பேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், அந்தக் காலம் எனக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. போத்தலும் இரண்டு ரிங்குகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் யாராவது பார்க்க வேண்டுமென்றால் இந்த முறை அவர் திருகோணமலைக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உவர்மலை, திருகோணமலை.