ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கு நன்றி

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தந்தையை, வில்லாபுரத்திலிருந்து கோரிப்பாளையம் மருத்துவமனைக்கு இரண்டு ஆண்டுகளாக அழைத்துச் செல்லும் அண்ணனுக்கு இந்த நன்றி. தம் பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார்.

அதிகாலை ஐந்து மணிக்கு அவருடைய ஆட்டோ வாசலில் நிற்கும். நள்ளிரவு ஆராதனை முடித்துத் தூங்காமல் வந்த கிறிஸ்துமஸ் காலையிலும் அந்த நேரம் தவறவில்லை. அழகர் வைகையில் இறங்கும் நாளில் ஏ.வி. பாலத்துப் பக்கம் வண்டிகள் நுழைய முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லி, இரவு இரண்டு மணிக்கே வந்து சுற்றுவழியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். (அன்று கூடுதலாக நூறு ரூபாய் வாங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.) காய்ச்சலில் படுத்த ஒரேயொரு நாளும், முந்தைய இரவே தம் மைத்துனரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தகவல் சொன்னார்.

எதைச் செய்தாலும் மனிதருக்கென்று அல்ல, ஆண்டவருக்கென்றே மனமாரச் செய்யச் சொல்லும் கொலோசெயர் நிருபத்தின் 3:23ஆம் வசனத்தை அவர் எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை; வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் சிறிதாக ஒட்டியிருந்ததை அப்பாதான் படித்துச் சொன்னார். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான் என்ற நிம்மதியில், அப்பா இப்போதெல்லாம் முந்தைய இரவு நன்றாகத் தூங்குகிறார். அண்ணே, அந்தத் தூக்கத்துக்காகவே உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.